வேலை இல்லை என்கிறீர்கள், நிலுவை ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறதே!

கேள்வி: "அண்ணாச்சி, எனக்கு வயது 33. ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் இருந்தேன். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். ஃப்ரீலான்ஸாகக் காமிக்ஸ் வரைகிறேன். ஒரு சிறுவர் பத்திரிகையில் மாதம் 4 பக்கத் தொடர், கதையும் படமும் நானே. ஒரு அறக்கட்டளைக்குச் சுகாதார விழிப்புணர்வுக் காமிக்ஸ், ஒரு கல்வி நிறுவனத்துக்குப் பாடப் படங்கள். போன மாதம் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். கல்வி நிறுவனம் 'இனி ஏஐ வைத்தே போட்டுக்கொள்கிறோம்' என்றுவிட்டது. மூன்று இடத்திலும் சேர்த்து 1,14,000 ரூபாய் வர வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 28,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 12,000. ராத்திரி 2 மணி வரை வரைகிறேன். சொந்தமாக 96 பக்கக் கதை ஒன்று ஆரம்பித்தேன், 31ஆம் பக்கத்தில் நிற்கிறது. மச்சான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். 18,000 தருகிறேன், டிசைனராக வா என்கிறார். போய்விட்டால் என் காமிக்ஸ் அவ்வளவுதானா? பி.கு.: பேனா டேப்லெட்டில் கோடு நடுங்குகிறது. திரையோடு வரும் டேப்லெட்டைத் தவணையில் வாங்கலாமா?"

பதில்:

தம்பி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன தொகைதான் என் கண்ணில் நின்றது. வீட்டுச் செலவில் மனைவியின் சம்பளம் போக உங்கள் பங்கு 16,000. அப்படியானால் வரவேண்டிய 1,14,000 என்பது உங்களுடைய ஏழு மாதப் பங்கு. வேலை கிடைக்காதவரின் கணக்கு இப்படி இருக்காது. நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மூன்று பேருக்கு வட்டியில்லாக் கடனும் கொடுத்துவிட்டு, ராத்திரி 2 மணி வரை கண் விழித்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள். எனவே ஃப்ளெக்ஸ் கடை, ஏஐ எல்லாம் அப்புறம். முதலில் வசூல்.

நான் வரைந்தும் இருக்கிறேன், ஆசிரியராக உட்கார்ந்து மற்றவர்களிடம் வரைந்து வாங்கியும் இருக்கிறேன். பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமில்லை. ஓவியர் "சார், அந்தப் பேமெண்ட்..." என்று ஆசிரியருக்கு வாட்ஸ்அப் போடுவார். ஆசிரியரும் பாவம், "சொல்லியிருக்கேன்" என்பார். செக் போடுவது கணக்குப் பிரிவு. அங்கே உங்கள் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. தாள் இல்லாவிட்டால் அந்தப் பணம் அவர்கள் கணக்கில் கடனாகவே ஏறாது. ஆகவே மூன்று இடத்துக்கும் முறையான பில் அனுப்புங்கள். எந்த இதழ், எந்தப் பக்கங்கள், எந்தத் தேதியில் கொடுத்தது, பக்கத்துக்கு என்ன தொகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மின்னஞ்சலை ஆசிரியருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். மூடிவிட்ட பத்திரிகைக்கு முதலில் அனுப்புங்கள். அங்கே ஆட்கள் கலைந்துகொண்டிருப்பார்கள். இன்னும் இரண்டு மாதம் போனால் போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது.

இனி வரும் வேலைகளுக்கு இன்னொன்று செய்துவிடுங்கள். உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். சேவை செய்கிற தனி ஆளும் குறுந்தொழிலாகப் பதியலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிட்டு வெளியே வாருங்கள், அதெல்லாம் இடைத்தரகர்கள். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் வர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகார் கொடுக்க அரசின் இணையதளமே இருக்கிறது. பழைய நிலுவைக்கு இந்தப் பதிவை நம்பாதீர்கள். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைக்கே இது பலம்.

சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டாலே கணக்குப் பிரிவில் ஒரு சின்ன அசைவு தெரியும். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராமல் நிதியாண்டு முடிந்துவிட்டால், அந்த ஆண்டுச் செலவாக அதை வருமான வரியில் காட்ட முடியாது. 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதனால் மார்ச் மாதத்தில் ஆடிட்டர்களே இந்தப் பட்டியலைக் கேட்பார்கள். உங்கள் நினைவூட்டல் பிப்ரவரிக் கடைசியில் போய்ச் சேரட்டும். அப்படியே, கொடுத்த பணத்தில் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கிற வருமான வரி, பிடித்திருக்கிறார்களா, அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் வருமான வரித் தளத்தில் பாருங்கள். உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம். நம் ஆட்கள் தாக்கலே செய்யாமல் அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுக்கிற பணம் அது.

பத்திரிகை நின்றதைப் பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் பணத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தத் தொடரை நினைத்துத்தான் கவலை. கதையும் படமும் உங்களுடையது என்கிறீர்கள். உரிமை யாருடையது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் சொல்லவில்லையானால் 5 வருஷம். எந்தெந்த இடத்துக்கு என்று சொல்லவில்லையானால் இந்தியாவுக்குள் மட்டும். இதெல்லாம் உங்கள் பக்கம்தான். ஆனால் அதே சட்டத்தில், காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று ஒரு பிரிவும் உண்டு. காமிக்ஸ் பக்கம் அதற்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். உங்களுக்கு எதற்கு அந்தத் தலைவலி? பதிப்பாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்: 'இன்ன தொடரின் கதை, படங்கள், பாத்திரங்கள் அனைத்தின் உரிமையும் படைப்பாளருக்கே உரியது, எங்களுக்கு இனி அதில் உரிமை இல்லை.' மூடிய பத்திரிகைக்கு அந்தத் தொடரால் இன்று ஒரு பைசா பயனில்லை, அதனால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து யாராவது அந்தப் பெயரை விலைக்கு வாங்கிய பிறகு போய் நின்றால் போட மாட்டார்கள். நிலுவையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இந்தத் தாளை வாங்க வேண்டி வந்தாலும் வாங்குங்கள் என்பேன்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் அமெரிக்காவைப் பாருங்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் தாங்கள் படைத்த சூப்பர்மேன் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களும் நல்ல காலத்தில் கொடுக்கவில்லை, பொருளாதார மந்தத்தில் கொடுத்தார்கள். வழக்கு, மேல்முறையீடு என்று அலைந்து, 1975இன் கடைசியில்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளிகள் என்று பெயர் போடும் ஏற்பாடும் கிடைத்தன. அதற்குள் இரண்டு பேரும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள்.

சரி, மச்சானின் கடை. போங்கள். ஆனால் அவர் சொன்ன மாதிரி போகாதீர்கள்.

ஃப்ளெக்ஸ் கடை வேலை ஒரே சீராக இருக்காது, முகூர்த்தத்தோடு ஏறி இறங்கும். ஆடியில் ஈ ஓட்டுவார்கள். ஆவணியும் தையும் வந்தால் மூச்சு விட முடியாது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, இடையில் நேரம் காலம் பார்க்காமல் வரும் கண்ணீர் அஞ்சலி. மச்சானுக்கு வருஷம் முழுக்க 18,000 சம்பள ஆள் தேவையில்லை. முகூர்த்த நாட்களுக்கு முந்தைய நாலைந்து நாள், கை வேகமான ஒரு ஆள் தேவை. உங்கள் கைவேகத்துக்கு அவர் எங்கே போவார்? அதனால் இப்படிக் கேளுங்கள்: தினமும் காலை 10 முதல் 2 வரை, முகூர்த்த வாரங்களில் முழுநாள், சம்பளம் 11,000 அல்லது 12,000. உங்கள் 16,000 பங்கில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். மீதிக்கு மாதம் ஒரு சின்ன காமிக்ஸ் வேலை வந்தால் போதும். உறவுக்குள் வேலை என்பதால் நேரத்தையும் சம்பளத்தையும் தங்கச்சியோ அக்காவோ சாட்சியாக இருக்க முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் "மாப்ளே, இந்த ஒண்ணு மட்டும்" என்று ராத்திரி 9 மணி ஆகிவிடும்.

போனால் காமிக்ஸ் அவ்வளவுதானா என்று கேட்டீர்கள். 16,000 ரூபாயைத் தேடி மாதத்தில் பாதி நாள் போன் பேசுகிறவர் இப்போது மட்டும் எத்தனை பக்கம் வரைந்துவிட்டார்? தமிழில் காமிக்ஸ் மட்டும் வரைந்து குடும்பம் நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்த நாளிலிருந்து, நம் வாசகர்கள் கொண்டாடியதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்புதான். இங்கே பாத்திரங்களைப் படைத்து வரைந்தவர்கள் பத்திரிகை அட்டை, கதைப் படம், காலண்டர், விளம்பரம் என்று ஏதோ ஒன்றில் கால் ஊன்றிக்கொண்டுதான் வரைந்தார்கள். அந்தக் கால் இன்று உங்களுக்கு ஃப்ளெக்ஸ் கடை, அவ்வளவே.

ராத்திரி 2 மணி வேலையை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் போட்ட கோட்டை மறுநாள் காலையில் அழித்துவிட்டு மறுபடி போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், எல்லோரும் அப்படித்தான். காலை 6 முதல் 8 வரை, வீடு விழிக்கும் முன், யோசிக்கிற வேலையை மட்டும் செய்யுங்கள். கட்டம் பிரிப்பது, பக்கத்தைச் சிறுபடமாகப் போட்டுப் பார்ப்பது, வசனம் எழுதுவது. மதியத்துக்கு மேல் தலை மந்தமாக இருக்கும்போது மை போடுங்கள், வண்ணம் நிரப்புங்கள். கை அதைத் தானே செய்யும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகிற பழக்கமும் வேண்டாம். நாலு பக்கத்துக்குப் பென்சில், அப்புறம் நாலுக்கும் மை என்று போனால் கை சூடு ஆறாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை நிறுத்துவதை முந்தைய நாளே அறிவித்துவிடுகிறார்கள். கடையும் அன்று பெரும்பாலும் படுத்துவிடும். அது உங்களுக்குக் கிடைத்த லீவு. ஜெராக்ஸ் தாளும் பென்சிலுமாகத் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த பக்கங்களைப் பிரித்து வையுங்கள்.

வசன பலூனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருத்தத்தில் உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பாதி இதில்தான் இருக்கும். ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கை, கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பலூனுக்கு இடம் விடும். நம் ஆள் வந்து 'சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்' என்பார். அந்த ஒரு சொல்லே பலூனை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் எழுத்தைச் சிறிதாக்குவீர்கள், அல்லது சொல்லை எங்கேயோ வெட்டிப் புள்ளி வைத்த எழுத்தை அடுத்த வரியின் தலையில் கொண்டு வைப்பீர்கள். கடைசியில் பாத்திரத்தின் தலையை பலூன் மூடிவிட, படத்தை மறுபடி வரைவீர்கள். முதலில் எழுத்தை வையுங்கள். சிறுபடக் கட்டத்திலேயே, உண்மையான எழுத்துருவில், உண்மையான அளவில், வசனத்தைத் தட்டச்சு செய்து கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ஆளை நிறுத்துங்கள். 'சொல்லிட்டிருக்காங்க' என்று எழுதினால் அகலமும் குறையும், ஆளும் உயிரோடு பேசுவார். அச்சகத்துக்கு அனுப்பும்போது யூனிகோடில் அடித்தது பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாறி எழுத்து உடையாமல் இருக்க, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றியே அனுப்புங்கள்.

கல்வி நிறுவனத்தின் ஏஐ கதைக்கு வருகிறேன். ஒரு பாடத்துக்கு ஒரு படம் என்கிற வேலை திரும்பி வராது. ஆறுதலுக்காக வேறு மாதிரி சொல்ல எனக்கு மனமில்லை. அதற்காக அவர்களிடம் விலையைக் குறைத்துக்கொண்டு போய் நிற்கவும் வேண்டாம், அந்தப் போட்டியில் கடைசி விலை பூஜ்யம்.

உங்கள் கையில் வேறு சரக்கு இருக்கிறது. அந்த அறக்கட்டளை வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசல் பற்றி 8 பக்கம் என்று வைப்போம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஏஐ ஒரு அழகான கண்ணாடி டம்ளரையும் ஸ்பூனையும் போட்டுத் தரும். அதைப் பார்க்கிற அம்மா டம்ளரில் பாக்கெட்டைக் கொட்டுவாள். உப்பு கூடிப்போகும், குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டரை அளக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது? சொம்பா, எத்தனை டம்ளர்? காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் கிடக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நர்ஸம்மாவிடம் பேசியவர்தான் வரைவார். பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர், பக்கத்தில் கிழித்த பாக்கெட், உள்ளே ஒரு துளிகூட மிச்சமில்லை என்று காட்ட அதைக் கவிழ்த்துத் தட்டும் கை. மூன்று கட்டம். இதை வரைந்தது யார், தவறினால் யாரைக் கேட்பது என்று அறக்கட்டளைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்று சொல்லி விற்றுப் பாருங்கள்.

விலையையும் அப்படியே பிரித்துச் சொல்லுங்கள். களத்துக்குப் போய் விசாரிக்க இவ்வளவு, கதைப் பிரிப்புக்கு இவ்வளவு, வரைய இவ்வளவு, இரண்டு முறை திருத்தம் உள்ளே, மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வந்தால்தான் பென்சில் எடுப்பது. முன்பணம் தராதவர் முடித்த பிறகும் இழுப்பார். உங்கள் நிலுவைப் பட்டியலில் முன்பணம் தந்தவர் ஒருவராவது இருக்கிறாரா பாருங்கள். மாவட்டத்தில் இப்படிப்பட்ட வேலை யாருக்குத் தேவை? குழந்தைத் திருமணம், சைபர் மோசடி, நெகிழி, ரேபிஸ் என்று துண்டறிக்கை அடிக்கிற ஒவ்வொரு தொண்டு நிறுவனத்துக்கும் கல்லூரிச் சமூகப்பணித் துறைக்கும் தேவை. துண்டறிக்கையை யாரும் படிப்பதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

கடைசியில் உங்கள் 31 பக்கம். 96 பக்கத்தை இந்த நிலைமையில் முடிக்க முயன்றால் இரண்டு வருஷம் ஆகும், நடுவில் கைவிட்டும் விடுவீர்கள். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகும் தொகுதி, என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 32 பக்கத்தில் முதல் பாகம் போடுங்கள். தலைப்புப் பக்கம், விவரப் பக்கம் எல்லாம் போகக் கதைக்கு 28 பக்கம் கிடைக்கும். வரைந்ததில் 28ஐ ஒட்டிக் கதை எங்கே மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். அங்கே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி வரைந்தால் முதல் பாகம் கையில் இருக்கிறது. மிஞ்சிய பக்கங்கள் இரண்டாம் பாகத்துக்கு ஆரம்பம். கறுப்பு வெள்ளை போதும். முதலில் டிஜிட்டல் அச்சில் 100 பிரதி. ஒரு பிரதிக்கு விலை கூடத்தான் விழும், ஆனால் கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாகத் தேங்காது. தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் சந்தாவுக்கும் முன்பதிவுக்கும் பழகியவர்கள், புத்தகம் வருவதற்கு முன்பே பணம் கட்டுகிற அபூர்வமான இனம். அறிவித்துவிட்டு, பணம் வந்த பிறகு அச்சுக்குப் போங்கள். நெல்லைப் புத்தகத் திருவிழாவில் தனி அரங்கு எடுக்க வேண்டாம், தெரிந்த பதிப்பகத்தின் மேசையில் ஓரமாகப் பத்துப் பிரதி வைக்கக் கேளுங்கள். சென்னையில் 2024 முதல் காமிக் கான் என்ற காமிக்ஸ் விழா நடக்கிறது. அங்கே அடுத்த வருஷம், இரண்டு பாகம் கையில் இருக்கும்போது, இன்னும் இரண்டு ஓவியர்களோடு மேசையைப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம்.

டேப்லெட்: தவணையில் வேண்டவே வேண்டாம். கோடு நடுங்கினால் முதலில் பேனா முனையை மாற்றுங்கள். தேய்ந்த முனையும் குழி விழுந்த மேற்பரப்பும் சேர்ந்தால் அப்படித்தான் இழுக்கும். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டிருக்கும்போது மட்டும் நடுங்குகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் டேப்லெட்டில் இருக்காது, வீட்டு எர்த்திலோ சார்ஜரிலோ இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இத்தனைக்கும் சரியாகவில்லையென்றால் நிலுவையில் முதல் செக் வந்ததும் திரையில்லாத சாதாரண டேப்லெட் ஒன்று, கைமாறியது கிடைத்தாலும் சரி, வாங்கிக்கொள்ளுங்கள்.